மனக்காயம் பட்ட குழந்தைக்கு இணையவழி சிகிச்சை: கொங்குப் பகுதிப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

தாளவாடியிலிருந்து ஒரு குழந்தையை ஈரோட்டுக்கு அழைத்து வர வேண்டுமானால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் கடக்க வேண்டும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வர 40 வளைவுகள். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு மாதங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து இப்படி வந்து போவது பெரும்பாலான குடும்பங்களால் முடியாது. முதல் சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள். சாலை விபத்தைக் கண்ணால் பார்த்த குழந்தையை மறுபடி பஸ்ஸில் ஏற்றுவதே சில வீடுகளில் பெரும்பாடு. அதனால்தான் வீடியோ அழைப்பு வழியே நடக்கும் உளவியல் சிகிச்சையை நம் பகுதிக்குத் தேவையான ஒன்றாக நான் கருதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் இந்தச் சிகிச்சை பலிக்காது. சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் திரையில் இருப்பார். மீதி நேரமெல்லாம் குழந்தையோடு இருப்பவர் நீங்கள். நேரில் போனால் அறையை அமைதியாக வைத்திருப்பது, குழந்தையின் கை நடுங்குவதைக் கவனிப்பது, தண்ணீர் கொடுப்பது, முடிந்தபின் தேற்றி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. இணையத்தில் அந்தப் பொறுப்பில் பாதி உங்கள் கைக்கு வருகிறது. எனவே இந்த வழிகாட்டி குழந்தையைவிடக் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அந்தப் பெரியவர் அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், அம்மிச்சியாகவோ அத்தையாகவோ இருக்கலாம்.

முதல் படி: குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா?

காயம் படுவது நின்ற பிறகுதான் காயத்தை ஆற்ற முடியும். அடிக்கிறவரோ தகாத முறையில் தொடுகிறவரோ அதே வீட்டில் இருக்கும்போது, அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து குழந்தையை மனம் திறந்து பேசச் சொல்வது ஆபத்து. அழைப்பு முடிந்ததும் அந்த ஆள் குழந்தையிடம் "என்ன சொன்னாய்?" என்று கேட்பான். இப்படிப்பட்ட நிலையில் முதலில் அழைக்க வேண்டிய எண் 1098. இரவு பகல் எந்நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண் அது. உடனடி ஆபத்து என்றால் 112. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக்குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. குழந்தையை எங்கே, யாருடைய பொறுப்பில் வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் நலக்குழுவுக்கு உண்டு.

பாலியல் வன்முறை என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆசிரியர், மருத்துவர், சிகிச்சையாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். "நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கும் சிகிச்சையாளரை நம்பாதீர்கள். அவரால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம், பங்காளிகளுக்குள் பகை வேண்டாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். நடந்ததை மறைக்கும்போது, தன்னைவிடக் குடும்ப மானம் பெரிது என்றுதான் குழந்தை புரிந்துகொள்கிறது. அந்தக் காயம் முதல் காயத்தைவிட ஆழமாகப் போகக்கூடியது.

சாக வேண்டும் என்று குழந்தை பேசினாலும், தன்னைத்தானே கீறிக்கொண்டாலும், வீடியோ அமர்வுக்காகக் காத்திருக்காமல் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள் பூச்சிமருந்து, எலிமருந்து, கிணற்றுக் கதவு மூன்றையும் பூட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: முதல் மாதம்

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில வாரங்கள் குழந்தை தூங்காமல் இருப்பதும், ஒட்டிக்கொண்டே திரிவதும், சிறு சத்தத்துக்குத் துள்ளி எழுவதும் இயல்பு. பல குழந்தைகள் நல்ல அரவணைப்பு கிடைத்தால் சிகிச்சை எதுவும் இல்லாமலே தேறிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இந்தக் கட்டத்துக்கு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. குழந்தைக்கு என்ன தேவை என்று பாருங்கள், அது தானாகச் சொல்வதைக் கேளுங்கள், உதவக்கூடியவர்களோடு இணைத்துவிடுங்கள். துருவிக் கேட்பது இதில் இல்லை.

நம் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் வேறு. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீதானே சாமி பார்த்தாய், எப்படி ஆச்சு, சொல்லு" என்று கேட்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் அந்தக் குழந்தை அந்த நிமிடத்துக்குள் பலமுறை போய் வருகிறது. வாசலில் ஒரு பெரியவரை நிறுத்தி, "குழந்தையிடம் எதுவும் கேட்க வேண்டாம்" என்று சொல்லச் செய்யுங்கள். வருகிறவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கைபேசியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் 41 உயிர்களைப் பறித்த கூட்ட நெரிசலுக்குப் பிறகு, அந்தக் காட்சிகள் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப ஓடின. இப்படிப்பட்ட வீடியோக்கள் குடும்பக் குழுக்களில் வந்தால் அழித்துவிடுங்கள். கேலரியிலும் இருக்கக் கூடாது. சிகிச்சைக்குக் குழந்தை பயன்படுத்தப்போவது அதே கைபேசியைத்தான்.

நடந்ததை எல்லோர் முன்னிலும் ஒரே உட்காரலில் விவரிக்கச் சொல்லும் ஒரு நாள் கவுன்சிலிங்குக்குக் குழந்தையை அனுப்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும், சிகிச்சைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தூக்கம் வரவில்லை என்று பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது.

திருநீறு போடுவது, மந்திரித்துக் கயிறு கட்டுவது பற்றிப் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அம்மிச்சி நெற்றியில் திருநீறு பூசித் தலையைத் தடவும்போது குழந்தையின் மூச்சு சீராகிறது என்றால் அதைத் தடுக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. சிகிச்சையாளரிடமும் அதை மறைக்க வேண்டியதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று அடிப்பதும், பட்டினி போடுவதும், இரவு முழுவதும் கோயிலில் உட்கார வைத்து மிரட்டுவதும் வேறு கணக்கு. அவை கொடுமை.

இறந்துபோனவரைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வளர்த்த குழந்தை, கருமாதி நாளில் மற்றவர்கள் பேச்சிலிருந்து உண்மையைத் தெரிந்துகொள்ளும்போது, இருக்கிறவர்களையும் நம்பாமல் போகிறது. "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது. அவருக்கு இப்போது வலிக்காது. நான் உன்னோடு இருக்கிறேன்." ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இந்த நான்கு வாக்கியங்கள் போதும்.

மூன்றாம் படி: சிகிச்சை தேவையா என்று அறிவது

ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் குறையாமல் படிப்பு, தூக்கம், விளையாட்டு ஆகியவற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தால் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிலைமை மோசமாக இருந்தால் மாதம் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

சிறு குழந்தைகள் சொல்லில் சொல்வதில்லை. பொம்மை லாரியை மறுபடி மறுபடி மோதி உடைப்பார்கள். விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை மழலைக்குப் போகும். பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போகும் நேரத்தில் வாந்தி என்று உடம்பு பேசும். இதற்காக மூன்று டாக்டர்களிடம் ஸ்கேன் எடுத்து எதுவும் இல்லை என்று வந்தபின்தான் பலருக்கு மனம் நினைவுக்கு வருகிறது. தன்னால்தான் நடந்தது என்ற எண்ணமும் இந்த வயதில் வேர்விடும். பதின்ம வயதில் கோபம், அறைக்கதவைச் சாத்திக்கொள்வது, பைக்கைத் தாறுமாறாக ஓட்டுவது, போதை, மரத்துப்போன முகம். "திமிர் பிடித்துவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லும் பையன்களில் சிலர் உண்மையில் இரவெல்லாம் தூங்காதவர்கள்.

பார்த்த இடத்தைத் தவிர்ப்பதையும் கவனியுங்கள். பவானி ஆற்றில் அண்ணன் மூழ்கியதைப் பார்த்த பெண் குளிக்கவே மறுக்கலாம். சிறுத்தை பாய்ந்ததைப் பார்த்த வால்பாறைத் தோட்டத்துக் குழந்தை மாலையில் வெளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து உடையிலேயே போய்விடலாம். இவற்றையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் அமர்வில் சிகிச்சையாளருக்கு மிகவும் பயன்படுவது அந்த நோட்டு.

நான்காம் படி: யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்பவர் பேச்சு, விளையாட்டு வழியான சிகிச்சைகளில் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். பதிவு எண்ணைக் கேட்டு அந்தக் கழகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தகுதி உள்ளவர் தயங்காமல் கொடுப்பார். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழோடு "டிராமா (மன அதிர்ச்சி) நிபுணர்" என்று விளம்பரம் செய்பவர்கள் இணையத்தில் ஏராளம்.

பணம் செலவழிக்கும் முன் அரசு வழிகளைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் தாளவாடிப் பக்கத்துக் கன்னடம் பேசும் வீடுகளும் தங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தொடர் சிகிச்சைக்கு அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் முதல் கதவாக அது நல்லது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். கோவை, சேலம், பெருந்துறை, கரூர் ஆகிய ஊர்களோடு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர், நாமக்கல், நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளும் நம் எல்லைக்குள் வருகின்றன. முடிந்தால் முதல் சந்திப்பை நேரில் வைத்துக்கொண்டு, பிறகு வீடியோவுக்கு மாறுங்கள். திரையில் கால் ஆட்டுவது தெரியாது, எடை குறைந்திருப்பது தெரியாது, உடம்பில் தழும்பு தெரியாது.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்த வயதுக் குழந்தைகளோடு அதிர்ச்சி சார்ந்த சிகிச்சை செய்த அனுபவம் உண்டா? எந்த முறை? பெற்றோரோடு தனியாக எவ்வளவு நேரம் பேசுவீர்கள்? அழைப்பு பாதியில் துண்டித்துப்போனால் என்ன செய்வீர்கள்? குறிப்புகளை எங்கே வைப்பீர்கள், அமர்வை வீடியோவாகப் பதிவு செய்வீர்களா? "பெற்றோர் தேவையில்லை, குழந்தையை மட்டும் விடுங்கள்" என்று பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், சிறார்களுக்கான இணைய ஆலோசனையில் அடையாளம் உறுதி செய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்கின்றன.

சிகிச்சையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் குழந்தை தன் வீட்டுத் தமிழிலேயே பேச முடிய வேண்டும். அப்பாரு, அப்பச்சி, ஆத்தா என்று குழந்தை சொல்லும்போது யாரைச் சொல்கிறது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்பவராக இருந்தால் போதும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளையானாலும் பயத்தை வீட்டு மொழியில்தான் சொல்லும்.

ஐந்தாம் படி: எந்த முறை?

குழந்தைகளின் அதிர்ச்சிக்கு மிக விரிவாக ஆராயப்பட்டது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆண்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிஞ்சர் மூவரும் உருவாக்கியது. 3 முதல் 18 வயது வரை, பெரும்பாலும் 8 முதல் 25 அமர்வுகள், ஒவ்வொன்றிலும் பெற்றோருக்கும் ஒரு பங்கு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட நெறிமுறை இந்தச் சிகிச்சையை முன்வைக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தைத் தடுக்கவோ தீர்க்கவோ மருந்து கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையை, முதல் முறை பலிக்காத 7 முதல் 17 வயது வரையான குழந்தைகளுக்கு அது அனுமதிக்கிறது.

திரை வழியே இது நடக்குமா? அமெரிக்காவின் தென் கரோலினாவில் 70 பிள்ளைகளுக்கு இதே சிகிச்சையை வீடியோ வழியே கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் முழுவதும் முடித்தார்கள், அறிகுறிகளும் நன்றாகக் குறைந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை நம்பிக்கை தரும் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது வடகிழக்கு இலங்கையில் நடந்த வேலை. போரையும் 2004 சுனாமியையும் கண்ட 31 தமிழ்க் குழந்தைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நேரில் சிகிச்சை கொடுத்தார்கள். நடந்ததைக் கதையாகச் சொல்ல வைக்கும் முறை ஒரு பகுதியினருக்கு, தியானமும் தளர்வுப் பயிற்சியும் இன்னொரு பகுதியினருக்கு. இரண்டு பக்கமும் குழந்தைகள் தேறினார்கள். தமிழ்க் குழந்தைகள், தமிழிலேயே, குறைந்த வசதிகளோடு.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் குழந்தையைத் திரை முன் உட்கார வைக்க முடியாது. அங்கே சிகிச்சையாளர் உங்களுக்குச் சொல்லித் தருவார். தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவது நீங்கள்.

ஆறாம் படி: வீட்டை ஏற்பாடு செய்வது

இதில்தான் பெரும்பாலான இணைய சிகிச்சைகள் வெல்கின்றன அல்லது தோற்கின்றன.

முதல் சிக்கல் சத்தம். சோமனூர், பல்லடம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் வீட்டோடு தறி ஓடுகிற இடங்களில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க முடியாது. தறி நிற்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அமர்வைக் குறியுங்கள். வேறு வழியில்லை என்றால் தறிக்காரரிடம் ஒரு மணி நேரம் நிறுத்தக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு" என்றால் போதும்.

இரண்டாவது சிக்கல் தனிமை. திருப்பூர் லைன் வீட்டில் ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். மொட்டை மாடி, உறவினர் வீட்டு அறை, பள்ளித் தலைமையாசிரியர் ஒதுக்கித் தரும் ஒரு வகுப்பறை, நிறுத்தி வைத்த கார் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். இயர்ஃபோன் கட்டாயம், அப்போது சிகிச்சையாளரின் கேள்வி வெளியே கேட்காது. குழந்தை பேசுவது கேட்கக் கூடாத நாட்களில் தட்டச்சு செய்யலாம், வரையலாம், ஒன்று முதல் பத்துவரை விரல் காட்டலாம். யாராவது உள்ளே வந்துவிட்டால் சொல்ல ஒரு ரகசியச் சொல்லைக் குழந்தையும் சிகிச்சையாளரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்" என்று குழந்தை சொன்னால் அவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

தோட்டத்துச் சாளையில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முந்தின நாளே நடந்து பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள நாளைத் தவிர்த்துவிடுங்கள். கைபேசியைக் கையில் பிடிக்காமல் செம்பின் மேலோ புத்தக அடுக்கின் மேலோ சாய்த்து, முகமும் கைகளும் தெரியும்படி வையுங்கள். அழைப்பு வராதபடி அறிவிப்புகளை நிறுத்துங்கள். குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், வெள்ளைத்தாள், வண்ணப் பென்சில், களிமண், பிடித்த பொம்மை அல்லது அம்மாவின் பழைய புடவைத் துணி ஒன்று இருக்கட்டும். புடவைத் துணியைச் சேர்த்திருப்பதை வேடிக்கையாக எண்ண வேண்டாம். பழகிய வாசனை பயந்த உடம்பை அமைதிப்படுத்துகிறது.

சிகிச்சையாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியவை: நீங்கள் உட்காரும் இடத்தின் முழு முகவரி, பக்கத்து மருத்துவமனை, இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய இரண்டு எண்கள். அவர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஏதாவது நேர்ந்தால் யாரை அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமர்வின்போது நீங்கள் கூப்பிடும் தூரத்தில், ஆனால் காது கேட்காத தூரத்தில் இருங்கள். கதவில் காது வைக்காதீர்கள். முடிந்தவுடன் "என்ன பேசினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அடுத்த அரைமணி நேரத்துக்கு டியூஷனும் வேண்டாம், வீட்டுப்பாடமும் வேண்டாம். தின்ன ஏதாவது கொடுத்து விளையாட விடுங்கள். தூங்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன் அமர்வு வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: அமர்வுகள் போகும் வழி

முதல் சில வாரங்களில் நடந்ததைப் பற்றிப் பேச்சே இருக்காது. "காசு கட்டுகிறோம், பொம்மை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். அப்போதுதான் குழந்தை கருவிகளைக் கற்றுக்கொள்கிறது: படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் பொம்மையை வைத்து அது மெல்ல ஏறி இறங்கும்படி மூச்சு விடுவது, பயம் ஏறும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று சத்தம் என்று எண்ணி இந்த நிமிடத்துக்குத் திரும்புவது, உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பது. ஒவ்வொன்றையும் நீங்களும் கற்று, தினமும் ஒரு முறை, குழந்தை அமைதியாக இருக்கும்போது சேர்ந்து செய்ய வேண்டும். பயந்தபின் முதல் முறையாகச் செய்தால் வேலை செய்யாது.

பிறகு எண்ணங்கள். "நான் பலூன் கேட்டு அழாமல் இருந்திருந்தால் அப்பா வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்" என்று ஒரு குழந்தை மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்திருக்கும். "அப்படியெல்லாம் இல்லை கண்ணு" என்ற ஒரே வரியால் அது போகாது. அந்த லாரியின் வேகம், ஓட்டியவரின் தவறு, அப்பா ஏன் நிறுத்தினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குழந்தையே பொறுப்பைச் சரியான இடத்தில் வைக்கும்படி சிகிச்சையாளர் நடத்திச் செல்வார்.

அதன்பின் நடந்ததைக் கதையாக்குவது. திரையைப் பகிர்ந்து, குழந்தை சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்வார். முதல் அத்தியாயம் பெரும்பாலும் பாதுகாப்பானது: எங்கள் வீடு, அப்பாவுக்குப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாளுக்கு வருவார்கள். இந்த வாரங்களில் கெட்ட கனவுகள் சற்றே கூடலாம். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். கதை முடிந்ததும் சிகிச்சையாளர் முதலில் உங்களுக்குத் தனியாகப் படித்துக் காட்டுவார். அழ வேண்டியதை அங்கே அழுதுவிடுங்கள். பிறகு குழந்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது நீங்கள் உடையாமல் கேட்க முடியும். தன் அம்மாவால் இதைத் தாங்க முடிகிறது என்று பார்ப்பதே குழந்தைக்குப் பெரிய மருந்து.

இதில் இணையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருக்கும் திருச்செங்கோட்டு அப்பாவும், லாரி ஓட்டும் நாமக்கல் அப்பாவும், வண்டியை ஓரமாக நிறுத்திப் பெற்றோருக்கான நேரத்தில் சேர்ந்துகொள்ளலாம். நேரில் போகும் சிகிச்சையில் அப்பாக்கள் காணாமல் போவதைப் பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி.

எட்டாம் படி: இடைப்பட்ட நாட்கள்

தூங்கும் நேரமும் சாப்பாட்டு நேரமும் பழையபடி இருக்கட்டும். பாவம் என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும், தைரியம் வரட்டும் என்று மிரட்டுவதும் ஒருசேரக் கெடுதல்.

தவிர்க்கும் இடங்களுக்கு ஏணிப்படி போல ஏற வேண்டும். புறவழிச்சாலையைக் கண்டு நடுங்கும் குழந்தை முதலில் வாசலில் நின்று வண்டிகளைப் பார்க்கட்டும். அடுத்த வாரம் பஸ் நிறுத்தம்வரை. பிறகு ஒரே ஒரு நிறுத்தம் பஸ்ஸில். ஒவ்வொரு படியிலும் பய அளவு பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புங்கள். உண்மையில் ஆபத்தான இடத்துக்கு இந்தப் பயிற்சி கிடையாது; சிறுத்தை நடமாட்டம் உள்ள புதருக்கு அருகில் போகப் பயப்படுவது சரியான பயம்.

வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் தேவையான அளவு சொல்லுங்கள். பயம் வந்தால் கேட்காமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவர அனுமதி, பட்டாசு வெடிக்கும் பள்ளி விழாவுக்கு முன்னறிவிப்பு, இவ்வளவு கேட்டால் போதும்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால்

சாட்சி சொல்லும்வரை சிகிச்சை கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். குழந்தை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆனால் வழக்கு இருப்பதைச் சிகிச்சையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் விசாரணை அதிகாரி ஆகக் கூடாது, பதிலைக் குழந்தை வாயில் திணிக்கவும் கூடாது. போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி வழக்கு நடக்கும்போது குழந்தைக்குத் துணையாக இருக்கும் உதவி நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக்குழுவிடம் கேட்டுப் பெறலாம். குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. உறவினர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

எப்போது நேரில் போக வேண்டும், எப்போது முடிப்பது

ஆறேழு அமர்வுகளுக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லை, குழந்தை ஒவ்வொரு முறையும் திரையை அணைத்துவிடுகிறது, அமர்வின் நடுவில் கூப்பிட்டாலும் கேளாமல் வெறித்துப் பார்க்கிறது, சாப்பாட்டை நிறுத்திவிட்டது என்றால் நேரடிச் சிகிச்சைக்கு மாறுவதைப் பற்றிப் பேசுங்கள். இரவில் குழந்தைக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறவர், "அம்மாவிடம் சொல்லாதே" என்கிறவர், அமர்வை வீடியோவாகப் பதிவு செய்ய வற்புறுத்துகிறவர் யாராயிருந்தாலும் அன்றே நிறுத்திப் புகார் கொடுங்கள்.

நன்றாகத் தேறினால் திடீரென்று நிறுத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விடுங்கள். கடைசி அமர்வில் சிகிச்சையாளரும் குழந்தையும் நீங்களும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: பயம் திரும்பி வந்தால் தெரியும் அறிகுறிகள், உதவிய மூன்று பயிற்சிகள், கூப்பிட வேண்டிய ஆட்கள், 14416, 1098. வருடத் திதி, தீபாவளி வெடிச்சத்தம், கோர்ட் சம்மன் வரும் நாள் ஆகியவற்றைக் காலண்டரில் முன்பே குறித்து, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னதாக ஓர் அமர்வுக்கு நேரம் குறித்து வைத்துவிடுங்கள்.